சொட்டுநீர்க் குழாயிலும் கடைமடை உண்டு: டிரிப்பர்கள் சமமாகச் சொட்டுகின்றனவா என்று அளந்து பார்ப்பது எப்படி?

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தார்கள் என்றால் தலைமடைக்காரர் விதை ஊறவைத்துவிடுவார். கடைமடைக்காரர் வாய்க்கால் கரையில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். சொட்டுநீர் போட்ட பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். குழாய்க்குள் போகிற தண்ணீருக்கு ஏது தலைமடை, ஏது கடைமடை?

திருவையாற்றுப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பூவன் வாழை. சொட்டுநீர் போட்டு மூன்றாவது வருடம், கொல்லைக் கோடியில் இருந்த மரங்களில் மட்டும் தார் சிறுத்தது. முன்பக்கம் நன்றாகத் தள்ளியிருந்தது, கோடிக்குப் போகப் போகச் சீப்பு குறைந்தது. நூற்புழு என்றார் ஒருவர், பொட்டாஷ் போதவில்லை என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் செலவு செய்தேன். தண்ணீர் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு டிரிப்பர் (குழாயில் தண்ணீர் சொட்டும் வாய்) அடியிலும் ஈர வட்டம் இருந்தது. நம் ஊர் வண்டலும் களியும் ஈரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பரப்பும். மணிக்கு 4 லிட்டர் விடுகிற டிரிப்பரும் 2 லிட்டர் விடுகிற டிரிப்பரும் மேலே ஏறக்குறைய ஒரே அளவு வட்டத்தைத்தான் காட்டும். வித்தியாசம் இருப்பது ஆழத்தில், அது கண்ணுக்குத் தெரியாது.

நான் கப்பும் கையுமாக அளக்கக் கிளம்பியபோது பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த சித்தப்பா கேட்டார்: "ஏன்டா தம்பி, எல்லா இடத்திலயும்தான் சொட்டுதே, இதுல என்னத்த அளக்கப்போற?"

சொட்டுகிறதா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு சொட்டுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஒரு காலைப்பொழுதும் ஐம்பது ரூபாய்ச் சாமானும் போதும்.

எப்போது அளப்பது

புதிதாகப் போட்டவர்கள் முதல் நாளே அளந்துவிடுங்கள், அதுவும் போட்டுக்கொடுத்த ஆள் வயலில் நிற்கும்போதே. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்பதால் நம்மில் பலர் "சும்மா வந்தது" என்று சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நானும் போட்டேன்.

பழைய அமைப்பு என்றால் வருடத்துக்கு இரண்டு தடவை. ஆற்றுத் தண்ணீர் ஜனவரி 28ஐ ஒட்டி நிற்கும், அதன் பிறகு முழுக்க பில்டர் பாயிண்டையோ போரையோ நம்பியிருக்கும் கோடை வரும். அதற்கு முன்னால் பிப்ரவரியில் ஒரு தடவை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்த குழாய்களை மறுபடி ஓட்டும்போது இன்னொரு தடவை. (பில்டர் பாயிண்ட் என்று நாம் சொல்வது ஆழமில்லாத குழாய்க் கிணற்றை. "எங்க போரே பில்டர் பாயிண்ட்தான், அப்புறம் சொட்டுநீருக்கு எதுக்குத் தனி பில்டர்?" என்று கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். பெயரில்தான் பில்டர், மணலும் இரும்பும் அதில் தாராளமாக வரும்.)

என்னென்ன வேண்டும்

ஒரே மாதிரி 16 பாத்திரங்கள். நான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களின் கழுத்தை அறுத்து எடுத்துக்கொண்டேன். அளக்க 500 மி.லி. அளவு ஜாடி, அதில் 5 மி.லி.க்கு ஒரு கோடு இருந்தால் நல்லது. பூச்சிமருந்து மூடியில் அளக்க வேண்டாம், கோடும் சரியாக இருக்காது, மருந்து வாடையும் போகாது. ஜாடி கிடைக்காவிட்டால் சமையலறை எலெக்ட்ரானிக் தராசு போதும்: ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம். காலிப் பாத்திரத்தை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு எடை போட்டால் ஜாடியைவிடத் துல்லியமாகவே வரும்.

அப்புறம் செல்போனில் ஸ்டாப் வாட்ச், ஒரு களைக்கொத்து, நோட்டு, பென்சில், கூட ஒரு ஆள், ஒரு பிடி வாழைநார். வாழைநார் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். இவ்வளவுக்கும் மேலே ஒரு பிரஷர் கேஜ், 16 மி.மீ. குழாயில் செருகும் ஜாயினரோடு இருந்தால் வேலை பாதியாகிவிடும். 0 முதல் 2.5 கிலோ (சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்ற பிரஷர் கணக்கு) வரை காட்டுகிற கேஜ் வாங்குங்கள். 10 கிலோ வரை காட்டும் கேஜில் அரை கிலோ வித்தியாசம் முள் நடுங்குகிற அளவுதான் தெரியும்.

எந்த டிரிப்பர்களை அளப்பது

எல்லாவற்றையும் அளக்க முடியாது. என் வயலில் ஒரு வால்வுக்கு 25 லேட்டரல் (டிரிப்பர்கள் இருக்கும் கிளைக் குழாய்). ஒவ்வொன்றும் 90 மீட்டர், 60 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர், ஆக ஒரு வால்வுக்கு மட்டும் 3,750 டிரிப்பர். அதனால் ஒரு ஒழுங்கில் பொறுக்கி எடுக்க வேண்டும். 1970களிலிருந்து பாசனப் பொறியாளர்கள் கையாளும் வழக்கம் இது. ஒரு வால்வின் கீழ் நான்கு லேட்டரல்: முதலாவது, மூன்றில் ஒரு பங்கில் இருப்பது, மூன்றில் இரண்டு பங்கில் இருப்பது, கடைசி. ஒவ்வொரு லேட்டரலிலும் நான்கு இடம்: தலை, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, கடை. நாலு நாலு பதினாறு. என் வயலில் 1, 9, 17, 25ஆம் லேட்டரல்கள் வந்தன.

நேரம் இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்துப் பக்கத்து டிரிப்பர் இரண்டை அளந்து 32 ஆக்குங்கள், நம்பகம் கூடும். எப்படியானாலும் ஒன்று முக்கியம்: டிரிப்பரை முதலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு "இது நல்லா வருதே" என்று தேர்ந்தெடுக்காதீர்கள். எண்ணிப் போய் எது வருகிறதோ அதுதான். அடைத்துப்போய் ஒரு சொட்டும் வராத டிரிப்பர் மாட்டினால் அதற்குப் பூஜ்யம் எழுத வேண்டும். அதை விட்டு அடுத்ததற்குத் தாவினால், அளவைத் திருத்துகிறோமே தவிர குழாயைத் திருத்தவில்லை.

அளந்த இடங்களில் லேட்டரல் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

அளக்கும் காலை

வழக்கமாக எப்படிப் பாய்ச்சுவீர்களோ அப்படியே மோட்டாரை ஓட்டுங்கள். இரண்டு வால்வைத் திறந்து பாய்ச்சுகிறவர் இரண்டையும் திறக்க வேண்டும். அளக்கிறோமே என்று ஒரு வால்வை மூடினால் பிரஷர் ஏறி எல்லாம் நன்றாகத் தெரியும், மறுநாள் பழைய கதைதான். பில்டரையும் அன்றைக்கென்று விசேஷமாகக் கழுவ வேண்டாம். மோட்டார் ஓடி 20 நிமிடம் கழித்து ஆரம்பியுங்கள், அதற்குள் குழாயில் இருக்கும் காற்று போய் பிரஷர் நிலைத்துவிடும். நடுவில் கரண்ட் போய் வந்தால் மறுபடி 20 நிமிடம். அதனால் மும்முனை மின்சாரம் வந்தவுடனே தொடங்குவது நல்லது.

டிரிப்பருக்கு நேர் கீழே களைக்கொத்தால் ஒரு சாண் குழி தோண்டி, பாத்திரத்தை நேராக வையுங்கள். குழாயை மேலே தூக்கிப் பிடிக்கக் கூடாது, கிடக்கிற மட்டத்திலேயே இருக்கட்டும். இன்லைன் குழாயில் (டிரிப்பர் குழாய்க்குள்ளேயே பதிந்திருக்கும் வகை) ஒரு சிக்கல் உண்டு. துளையிலிருந்து வரும் தண்ணீர் கீழே சொட்டாமல் குழாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு முழ தூரம் ஊர்ந்து போய் வேறெங்கோ விழும். சில சமயம் பக்கத்து டிரிப்பரின் தண்ணீரும் ஊர்ந்து வந்து நம் கப்பில் விழும். இதற்குத்தான் வாழைநார். துளைக்கு இரண்டு பக்கமும், பாத்திரத்தின் வாய் அகலத்துக்குள், குழாயைச் சுற்றி நாரை இறுக்கிக் கட்டி, முனையை உள்ளே தொங்கவிடுங்கள். ஊர்ந்து வரும் தண்ணீர் நார் முடிச்சில் தட்டி, நார் வழியாகக் கப்பில் இறங்கும். முதல் நாள் நான் இதைச் செய்யவில்லை, ஒரு டிரிப்பர் 90 மி.லி., அடுத்தது 610 மி.லி. என்று வந்து, ஒரு காலைப்பொழுது வீண்.

எவ்வளவு நேரம் பிடிப்பது? 6 நிமிடம். 6 நிமிடம் என்பது மணியில் பத்தில் ஒரு பங்கு, ஆகவே மி.லி.யை 100ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 400 மி.லி. என்றால் மணிக்கு 4 லிட்டர். கால்குலேட்டர் வேண்டாம். (நாழிகைக்கு 24 நிமிடம், அதனால் இது சரியாகக் கால் நாழிகை. எங்கள் தாத்தா இருந்திருந்தால் ஸ்டாப் வாட்ச்சே வேண்டாம் என்றிருப்பார்.) 8 லிட்டர் டிரிப்பர் என்றால் 3 நிமிடம் பிடித்து இரண்டால் பெருக்குங்கள், இல்லாவிட்டால் கப் வழிந்துவிடும்.

ஒருவர் பாத்திரத்தை உள்ளே தள்ள, இன்னொருவர் நேரம் பார்க்க வேண்டும். தள்ளும் நொடி, எடுக்கும் நொடி இரண்டும் சரியாக இருக்கட்டும். ஒரு லேட்டரலின் நான்கு இடத்தையும் 30 நொடி இடைவெளியில் அடுத்தடுத்துத் தொடங்கினால் எடுக்கவும் அதே இடைவெளி கிடைக்கும். ஆனால் ஓர் இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள 30 மீட்டரை 30 நொடியில் ஓடிக் கடக்கப் போனால் வாழைக்கட்டையில் தடுக்கி விழுவீர்கள். ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

என் நோட்டில் அன்று இருந்தது இது. டிரிப்பர் 4 லிட்டர் வகை, ஆக 400 மி.லி. வர வேண்டும். ஒவ்வொரு வரியும் தலையிலிருந்து கடைக்கு:

1ஆம் லேட்டரல்: 410, 350, 325, 320
9ஆம் லேட்டரல்: 405, 345, 320, 315
17ஆம் லேட்டரல்: 405, 340, 150, 310
25ஆம் லேட்டரல்: 395, 335, 305, 210

மொத்தம் 5,240. பதினாறால் வகுத்தால் சராசரி 327.5 மி.லி., அதாவது மணிக்குச் சுமார் 3.3 லிட்டர். பாக்கெட்டில் போட்டிருந்த 4 லிட்டர் சராசரியாகக்கூட வரவில்லை.

அடுத்து, பதினாறில் மிகக் குறைந்த கால் பங்கை, அதாவது நான்கை எடுங்கள்: 150, 210, 305, 310. கூட்டினால் 975, சராசரி 243.75. இதை மொத்தச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்: 243.75 ÷ 327.5 × 100 = 74. இந்த 74 சதவீதம்தான் சீர்மை. கடைமடைக்குக் கிடைப்பது ஊர்ச் சராசரியில் எத்தனை பங்கு என்று கேட்கிற கணக்கு இது.

90க்கு மேல் மிக நன்று. 80 முதல் 90 வரை நன்று. 70 முதல் 80 வரை சுமார். 70க்குக் கீழே போனால் தண்ணீரையும் உரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிறோம் என்று அர்த்தம். புதிய அமைப்பு 90ஐத் தொடாவிட்டால் போட்டவரைக் கூப்பிடுங்கள்.

74 என்றால் கையில் என்ன ஆகிறது? ஒரு டிரிப்பரிலிருந்து நாளைக்கு 8 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டை நம்பினால் 2 மணி நேரம் ஓட்டுவோம். அந்த நேரத்தில் நலிந்த கால் பங்குக்குப் போவது 5 லிட்டருக்குக் கீழே. அவற்றுக்கும் 8 லிட்டர் போகட்டும் என்றால் 3 மணி 17 நிமிடம் ஓட்ட வேண்டும், அதற்குள் தலைப்பில் இருக்கும் மரத்துக்கு 13 லிட்டருக்கு மேல் போய்விடும். வெஞ்சுரியில் (உரத்தை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் கருவி) விடுகிற யூரியாவும் பொட்டாஷும் அதே கணக்கில்தான் பிரிகின்றன. கோடி மரங்களுக்கு நான் கூடுதலாகக் கொடுத்ததாக நினைத்த பொட்டாஷில் பெரும்பங்கு முன்பக்கம் போயிருக்கிறது!

எண்களைப் படிப்பது

சதவீதம் நோய் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். என்ன நோய் என்பது அந்தப் பதினாறு எண்களும் எந்த இடத்தில் எப்படி விழுந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு விதமாகப் படியுங்கள்.

முதலில் இடமிருந்து வலம். நான்கு லேட்டரலிலும் 400இல் தொடங்கி 340க்கு இறங்கி, பிறகு மெதுவாக 310 வரை போகிறது. இப்படி எல்லா வரியிலும் ஒரே மாதிரி இறங்கினால் அது அடைப்பாக இருக்க முடியாது, பிரஷர் குறைகிறது. நம் டெல்டாவில் நிலம் தட்டை, அதனால் மேடு பள்ளத்தை அதிகம் குறை சொல்ல முடியாது. குழாயின் நீளம்தான் காரணம். குறைவதில் பெரும்பகுதி லேட்டரலின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே நடந்துவிடுவதையும் கவனியுங்கள். மொத்தத் தண்ணீரும் அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டும், உராய்வும் அங்கேதான் அதிகம். கோடிக்குப் போகப் போகக் குழாயில் ஓடும் தண்ணீர் குறையும், உராய்வும் குறையும்.

மேலிருந்து கீழ் படித்தால் சப்மெயின் (லேட்டரல்களுக்குத் தண்ணீரைப் பிரித்துவிடும் குழாய்) எப்படி இருக்கிறது என்று தெரியும்: 410, 405, 405, 395. பெரிய இறக்கம் இல்லை, சப்மெயின் சரி. இந்த வரிசை 410, 370, 330, 290 என்று இறங்கியிருந்தால் சப்மெயின் குழாய் சிறிது, அல்லது வழியில் எங்கோ கசிவு.

இந்த இரண்டு ஒழுங்குக்கும் அடங்காமல் நிற்பவை 150, 210. 17ஆம் லேட்டரலில் 340க்கும் 310க்கும் நடுவில் 150 என்றால் அது அந்த ஒரு டிரிப்பரின் அடைப்பு. 210 இருப்பது கடைசி லேட்டரலின் கடைசியில், வண்டலும் சேறும் போய்ப் படிவதற்கென்றே இருக்கிற மூலை.

கேஜ் இருந்தால் இதை உறுதி செய்துகொள்ளலாம். லேட்டரல் முனையில் மடித்துப் போட்டிருக்கும் எண்ட் கேப்பைக் கழற்றி, கேஜைச் செருகிப் பாருங்கள். எனக்குத் தலையில் 1 கிலோ, கடையில் 0.6 கிலோ காட்டியது. சாதாரண டிரிப்பரில் தண்ணீர் பிரஷரின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 0.6இன் வர்க்கமூலம் 0.77, ஆக 400 மி.லி. வரும் இடத்தில் 310 வர வேண்டும். கடையில் வந்ததும் 310தான். அப்படியானால் அந்த டிரிப்பரிடம் குற்றமில்லை, அதற்குக் கிடைத்த பிரஷருக்கு அது ஒழுங்காக வேலை செய்கிறது. 210 வந்ததுதான் குற்றவாளி. உங்களுடையது பிரஷரைச் சமன் செய்யும் வகை டிரிப்பர் என்றால் இந்த வர்க்கமூலக் கணக்கு பொருந்தாது. அதில் தலையும் கடையும் ஒரே அளவு வர வேண்டும், குறைந்தால் அடைப்பு அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டிருக்கிறது.

எண் கூடுதலாக வந்தாலும் விடாதீர்கள். ஒரே ஒரு இடத்தில் 550 வந்தால் யாரோ ஊசியால் குத்தியிருக்கிறார்கள். அடைத்த டிரிப்பரைச் சைக்கிள் கம்பியாலோ ஊக்காலோ குத்திவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். துளை ஒரு தடவை பெருத்தால் பெருத்ததுதான், அது பக்கத்து மரங்களின் தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கும்.

எதை முதலில் சரிசெய்வது

இந்த இடத்தில்தான் நான் அவசரப்பட இருந்தேன். 90 மீட்டர் லேட்டரல் அதிக நீளம் என்று தெரிந்தவுடன், சப்மெயினை வயலின் ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றிவிடுவது என்று முடிவுகட்டி, பள்ளம் தோண்ட ஆள்கூடப் பேசிவிட்டேன். யோசனையில் தப்பில்லை. நடுவில் சப்மெயின் வந்தால் இரண்டு பக்கமும் 45 மீட்டர்தான். நீளமும் பாதி, ஓடும் தண்ணீரும் பாதி என்பதால் உராய்வு இழப்பு ஏழில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் அன்று ராத்திரி நோட்டில் ஒரு விளையாட்டுக் கணக்குப் போட்டேன். அடைத்த இரண்டு டிரிப்பர்களும் அதனதன் பிரஷருக்கு உரிய அளவு கொடுத்தால்? 150ஐ 315 என்றும், 210ஐ 300 என்றும் மாற்றினேன். சராசரி 343 ஆனது. குறைந்த நான்கின் சராசரி 307.5. சீர்மை 90க்கு வந்துவிட்டது. ஒரு பள்ளமும் தோண்டாமல்! நீளம் தின்றது பத்துதான். அடைப்பு தின்றது பதினைந்து. பதினாறில் இரண்டு அடைத்திருந்தால், சின்ன மாதிரிதான் என்றாலும், வயல் முழுக்க எட்டில் ஒன்று அப்படி இருக்கலாம். ஒரு வால்வுக்கு நானூறுக்கு மேல்.

அடைப்பு என்ன என்று பார்ப்பது

மொட்டு டிரிப்பர் (குழாயின் வெளியே செருகியிருக்கும் வகை) என்றால் திருகிக் கழற்றிப் பார்க்கலாம். இன்லைனில், சிவப்புக் கோடு போட்டதை விட்டுவிட்டு, அடைத்த வேறொரு டிரிப்பரைத் தியாகம் செய்ய வேண்டும்: மோட்டாரை நிறுத்தி, இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஒரு ஜாயினர் போட்டுவிட்டு, வெட்டிய துண்டைப் பிளேடால் நீளவாக்கில் பிளக்க வேண்டும். உள்ளே உளி வைத்துச் செதுக்கினாற்போல் கோணல்மாணலாக ஒரு வழி ஓடும். என்னுடையதில் அந்த வழி முழுக்கத் துருச் சிவப்பில் ஒரு வழவழப்பு, விரலால் தொட்டால் நெய்போல் ஒட்டியது, அதன் அடியில் வெள்ளையாக ஒரு சொரசொரப்பு.

சிவப்பு வழவழப்பு இரும்பு, அதைத் தின்று வளரும் பாக்டீரியாவோடு சேர்ந்தது. தண்ணீர் மேலே வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். காற்றுப் பட்டதும் செங்காவி ஆகும். வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். தண்ணீர்ப் பரிசோதனையில் லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் இரும்பு இருந்தால் சொட்டுநீருக்கு அது கடும் தொல்லை. வெள்ளைச் சொரசொரப்பு சுண்ணாம்பு, ஒரு சொட்டு ஆசிட் விட்டால் நுரைக்கும். பச்சை என்றால் பாசி, திறந்த தொட்டியிலிருந்தோ குட்டையிலிருந்தோ இறைப்பவர்களுக்கு வரும். சாம்பல் நிறச் சேறு வாய்க்கால் தண்ணீரின் வண்டல். நறநறவென்று மணல் இருந்தால் பில்டர் வலை கிழிந்திருக்கிறது, மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள். பில்டருக்கு முன்னும் பின்னும் கேஜ் வைத்தால் வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டும்போது கழுவ வேண்டும். வித்தியாசமே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், வலை ஓட்டையாக இருக்கலாம்.

கழுவுவது

எதற்கும் முன் வெறும் தண்ணீரால் அலசுவது. வரிசை முக்கியம்: முதலில் மெயின், அடுத்து சப்மெயின் முனையின் வால்வு, கடைசியாக லேட்டரல்கள். லேட்டரல் முனைகளை ஐந்தைந்தாகத் திறவுங்கள். இருபத்தைந்தையும் ஒன்றாகத் திறந்தால் எதிலும் வேகம் இருக்காது, சேறு படுத்த இடத்திலேயே கிடக்கும். வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். முதலில் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வரும், தெளியும்வரை விடுங்கள்.

அடுத்து ஆசிட். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போதும், ஆனால் அளவை ஊரார் சொல்லிக் கேட்காதீர்கள். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீருக்கும் வேறு. 10 லிட்டர் உங்கள் தண்ணீரை பிளாஸ்டிக் வாளியில் எடுத்து, ஒவ்வொரு மி.லி.யாக ஆசிட் விட்டுக் கலக்கி, அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் 4 காட்டும்வரை எண்ணுங்கள். எனக்கு 6 மி.லி. ஆனது. என் வால்வு மணிக்கு ஏறக்குறைய 12,000 லிட்டர் இழுக்கும், 20 நிமிடத்தில் 4,000 லிட்டர், ஆக 2.4 லிட்டர் ஆசிட். அதைத் தண்ணீரில் கலந்து வெஞ்சுரி வழியாக அந்த 20 நிமிடமும் சீராகப் போகுமாறு விட்டேன். கடைசி லேட்டரலின் கடைசி டிரிப்பரில் பி.எச். தாளை நனைத்து 4 வந்ததைப் பார்த்த பிறகு மோட்டாரை நிறுத்தி, ஒரு நாள் அப்படியே ஊறவிட்டு, மறுநாள் முனைகளைத் திறந்து அலசினேன்.

ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து மேலே தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் குளோரின் விடுகிறவர்கள் ஆசிட் விட்ட அன்றே அதைச் செய்யக் கூடாது, ஒரே வாளியை இரண்டுக்கும் பயன்படுத்தவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது விஷவாயு. இரும்புத் தண்ணீரில் குளோரின் விட்டால் கரைந்திருக்கும் இரும்பு எல்லாம் துருவாகத் திரளும், ஆகவே பில்டருக்கு முன்னால் விட்டு, திரண்டது பில்டரிலேயே நிற்கும்படி செய்ய வேண்டும். பில்டருக்குப் பின்னால் விட்டால் நாமே துருவைச் செய்து டிரிப்பருக்கு அனுப்புகிறோம்.

சப்மெயின் தலைப்பில் காற்று வால்வு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றதும் குழாயில் வெற்றிடம் உண்டாகி, டிரிப்பர் வெளியே இருக்கும் சேற்றை உள்ளே உறிஞ்சும். என் வயலில் அது வரைபடத்தில் இருந்தது, மண்ணில் இல்லை.

தென்னைக்கு

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் 2018 கஜா புயலுக்குப் பிறகு புதிதாக வைத்த தோப்புகளில் சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் ஒரு மாற்றம் செய்துகொள்ள வேண்டும். மரத்துக்கு நான்கு டிரிப்பர் இருந்தால் நான்கையும் பிடித்துக் கூட்டி, அந்த மரத்துக்கு ஒரு எண் என்று எழுதுங்கள். ஒன்று குறைந்து மற்றொன்று கூடினால் மரத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. பதினாறு டிரிப்பருக்குப் பதில் பதினாறு மரம், மற்றக் கணக்கு அதேதான். தோப்பில் அணிலும் எலியும் குழாயைக் கடிக்கும், ஆகையால் அளக்கும் முன்பு லேட்டரல் நெடுக ஒரு நடை நடந்து ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். மொட்டைப் பிடுங்கிவிட்டு வெறும் மைக்ரோ டியூபை (மெல்லிய குழாய்) மண்ணில் செருகியிருக்கும் மரங்களும் இருக்கும், அவற்றை விட்டுவிடாமல் அளந்து எழுதுங்கள். நோட்டில் அந்த எண் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

மறுபடியும் அளப்பது

கழுவி ஒரு வாரம் வழக்கம்போல் பாய்ச்சிவிட்டு, அதே சிவப்புக் கோடுகளில் திரும்ப அளந்தேன். 150 இருந்த இடம் 300க்கு வந்தது. கடைசி லேட்டரலின் கடைசி 210இலிருந்து 270க்குத்தான் ஏறியது, அந்த முனையில் பத்து மீட்டர் குழாயை வெட்டிப் புதிதாகப் போட்டபின் 300. சீர்மை 89. நீளத்தின் இறக்கம் அப்படியேதான் இருக்கிறது, இந்த மறுதாம்பு (பழைய கட்டையிலிருந்து வளரும் வாழை) முடிந்து நிலம் காலியாகும்போது சப்மெயினை நடுவுக்குக் கொண்டுபோகலாம் என்று வைத்திருக்கிறேன். அதுவரை வால்வைத் திறந்துவைக்கும் நேரத்தைப் பாக்கெட்டில் இருக்கும் 4 லிட்டரை வைத்துக் கணக்கிடுவதில்லை, நோட்டில் இருக்கும் குறைந்த கால் பங்கின் சராசரியை வைத்துத்தான் கணக்கிடுகிறேன்.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். தோப்பில் கிழக்கு வரிசைத் தென்னைகளில் குரும்பை கொட்டுகிறதாம். "அந்த பாட்டில் எல்லாம் பத்திரமா வெச்சிருக்கியாடா?" என்று கேட்டார்.